டகால்டிக்கு எத்தனை தலை

புதுக் காபித்தூளின் வாசனையும் முனியம்மாவின் தலையில் இருந்த மல்லிச்சரத்தின் வாசனையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில், ஆந்திர எல்லையோரம் நகரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை இன்று கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஏனென்றால் பின்னால் அந்த வரிசையை வைத்துத்தான் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. எங்கள் பக்கத்தில் நைனா, அம்மா, தேவகி அக்கா, நான். எங்களோடு டீக்கடைக் கோவிந்தசாமி, பூக்கார முனியம்மா, எதிர்வீட்டுச் சுப்பராயுடு, சுப்பராயுடுவின் இரண்டு பிள்ளைகள். சத்தியவேட்டிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த பக்கத்தில் மாப்பிள்ளை பாஸ்கர், அவருடைய அப்பா, அம்மா, அவர்கள் "எங்க வூட்டுப் பெரியவரு" என்று அறிமுகப்படுத்திய வேலாயுதம். இருந்தவர்கள் இவ்வளவுதான். இல்லாதவர் ஒரே ஒருவர். அவர்தான் இந்த ஏற்பாடு முழுவதையும் செய்தவர், என் அம்மாவின் தம்பி, கஜா மாமா.

மாமா அப்போது "கலர்" சோடா வாங்கி வரப் போயிருந்தார். கடை எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம்.

"டகால்டி" என்ற சொல்லை நான் முதன்முதலில் காதால் கேட்டது மாமாவைப் பற்றித்தான். அதனால் வெகுநாள் வரைக்கும் அது அவருடைய இன்னொரு பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக்குள் நுழைந்தாலே அம்மா அடுப்படியிலிருந்து "வந்துட்டான் டகால்டி" என்பாள். அவரும் "வந்துட்டேன்க்கா" என்று மரியாதையாகப் பதில் சொல்வார். மாமா செய்த தொழில் இன்னதென்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சீசனில் மாங்காய் மண்டியில் நிற்பார். ஒரு சீசனில் திருமலைக்குப் போகும் வேன்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பார். நடுவில் கொஞ்ச காலம் கல்யாணங்களுக்குப் பந்தல்காரர், மேளக்காரர், சமையல்காரர் என்று எல்லாரையும் ஒரே போனில் வரவழைத்துத் தருகிறவராக இருந்தார். அவரிடம் இல்லாத ஆளே கிடையாது. அந்தச் செல்வாக்குதான் இந்தக் கதைக்கு முதல்.

அக்கா சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியும் முன்னே கம்பெனி பஸ் வரும். அங்கே அதே லைனில் வேலை பார்த்த பாஸ்கரை அவளுக்குப் பிடித்திருந்தது, அவருக்கும் அவளைப் பிடித்திருந்தது, ஜாதகம்கூடப் பொருந்திவிட்டது. இடையில் நின்றது பாஸ்கரின் அம்மா போட்ட ஒரே ஒரு நிபந்தனை. மூத்த மருமகள் ஒற்றைப் பெண்ணாக வளர்ந்தவள், கல்யாணமான மறுமாதமே புருஷனை இழுத்துக்கொண்டு தாய்வீட்டோடு போய்விட்டாள் என்பதால், இந்த முறை "ஆள்கட்டு கீற வூட்டுல" மட்டுமே பெண் எடுப்பது என்று அந்த அம்மாள் உறுதியாக இருந்தாள். பெரியப்பன், சித்தப்பன், சித்தி, அண்ணன் தம்பி என்று நிறைந்த வீடு வேண்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். நைனாவுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் பொதுவில் போட்ட போர் மோட்டாரை யார் முதலில் ஓட்டுவது என்று தொடங்கிய சண்டையில் பேச்சு நின்றுபோய், அவர்கள் வீட்டு வாசலில் கால் வைப்பதில்லை என்று நைனா சத்தியம் செய்திருந்தார். அவர்களும் அதையே செய்திருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அண்ணன் தம்பிகளுக்குள் ஒற்றுமை.

"இவ்ளோதானே? ஆளு நான் இட்டுகினு வரேன்" என்றார் மாமா.

"எங்கேர்ந்துடா இட்டுகினு வருவே?" என்று அம்மா கேட்டாள்.

"தெருவுலேர்ந்து. வந்து உக்காந்து, காபி குடிச்சிட்டு, தலைய ஆட்டிட்டுப் போவப் போறாங்க. அதுக்கு இன்னாத்துக்கு ரத்த சம்பந்தம்?"

"டேய், இன்னாடா இது டகால்டி வேல! நாளைக்குத் தெரிஞ்சா எம் பொண்ணு அந்த வூட்டுல எப்பிட்றா தல நிமிர்ந்து நிப்பா?"

"தெரிஞ்சாத்தானேக்கா."

அக்கா அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் முறத்தில் அரிசி எப்போதோ தீர்ந்துபோய், அவள் வெறும் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா மாமாவைத் தடுக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியை ஒழுங்காக ஏறிய முதல் ஆள் நான். அதனால் எதையும் பொருள் தெரியாமல் விடுவதில்லை என்ற ஒரு வைராக்கியம் அந்த வயதில் எனக்கு இருந்தது. வீட்டில் ஒரு "டகால்டி" நடக்கப் போகிறது என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா? பள்ளியில் இருந்த தமிழ் அகராதியில் தேடினேன், இல்லை. தமிழ் ஐயாவிடம் கேட்டேன். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அது தமிழே இல்லடா. தெலுங்குலேர்ந்து வந்துட்ட பேச்சு. பரீட்சையில எழுதித் தொலைக்காத" என்றார். தெலுங்கு சாரிடம் போனேன். அவர் சந்தோஷமாக, தெலுங்கில் "தகா" என்றால் மோசடி, "தகாகோரு" என்றால் மோசக்காரன் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "ஆனா அது மாதி காதுரா, எங்களுது இல்ல, உருதுலேர்ந்து வந்தது" என்று கைகழுவினார். நகரி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பஞ்சர் ஒட்டும் பாய் ஒருவர் வீட்டில் உருது பேசுவார். அவரிடமும் போனேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "‘தகா’ எங்க பேச்சுதான். ஆனா ‘டகால்டி’ன்னு எங்க வூட்ல யாரும் சொல்றதில்ல. அந்த ‘ல்டி’ உங்காளுங்க ஒட்டினது" என்றார்.

ஆக, தலையை ஒரு வீடு கொடுத்தது, வாலை இன்னொரு வீடு ஒட்டியது. மூன்று வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டைக் கைகாட்டிவிட்டார்கள். ஆனால் மூன்று வீட்டிலும் அது தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்தது. அந்த முடிவுக்கு மேல் இன்றுவரை நான் போகவில்லை. கல்லூரி நூலகத்தில் தேடிப் பார்த்தபோதும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

பெண் பார்க்க வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம் கூடத்தில் ஒத்திகை நடந்தது. முறை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் படித்த பிள்ளை என்று என்னிடம் விட்டார்கள். கோவிந்தசாமி நைனாவுக்கு அண்ணன். சுப்பராயுடு தம்பி. சுப்பராயுடுவின் சம்சாரம் ஊருக்குப் போயிருந்ததால் முனியம்மா அவருக்குப் பெண்டாட்டி. அவருடைய பிள்ளைகள் அவருக்கே பிள்ளைகள்; அதில் மட்டும் பொய் இல்லை. நான் ஒவ்வொருவராக நிறுத்தி, யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

"நான் நைனாவ இன்னான்னு கூப்புடணும்?" என்று கேட்டார் கோவிந்தசாமி.

"தம்பின்னு."

"கடையில பாக்கி கேக்கும்போதும் தம்பின்னுதான் கூப்பிடறேன். அப்போ கஷ்டமில்ல."

எனக்குக் கவலை முனியம்மாவைப் பற்றித்தான். தெருவுக்கு வந்த நாளிலிருந்து சுப்பராயுடுவை "அண்ணா, அண்ணா" என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் பழகியவள் அவள். "கூப்பிடவே வேணாங்க்கா. தலைய மட்டும் ஆட்டுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். "எனுக்குத் தெரியாதா? நான் பாக்காத புருசனா?" என்றாள்.

மறுநாள் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் பெரியவர் வேலாயுதம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறைய நாமம். இறங்கியதும் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, "சார், வண்டிய நெழல்ல போட்டுட்டு வந்துடட்டா?" என்றார். மூத்தவராக இருந்தும் தம்பியை "சார்" என்று அழைக்கிற பெருந்தன்மையைக் கண்டு நைனா உருகிப்போனார். "பாரு, எப்பேர்ப்பட்ட குடும்பம்" என்று அம்மாவின் காதில் சொன்னார். எங்கள் பொய்யைக் காப்பாற்றும் மும்முரத்தில் அடுத்தவர் பொய்யைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோவிந்தசாமி சமயம் பார்த்து "ஆமா தம்பி" என்றார். வாயைத் திறந்தால் தெலுங்கு வந்துவிடும் என்பதால் பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த சுப்பராயுடு, பேசாமல் இருப்பதே கௌரவம் என்பதுபோல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "நெறைஞ்ச வூடு" என்றுகூடச் சொல்லிவிட்டாள். அக்கா வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள். நம்மாட்களுக்குக் கொடுப்பதற்காக முனியம்மா தட்டை எடுத்துக்கொண்டு சுப்பராயுடுவிடம் போனாள். வாசற்படியில் நின்றிருந்த மாமா அதைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ ஒரு மணி அடித்திருக்க வேண்டும். "கலர் வாங்கிக்கினு வந்துடறேன்" என்று செருப்பைக்கூட மாட்டாமல் நழுவினார்.

முனியம்மா குனிந்து, பாசம் பொங்க, "அண்ணா, காபி எத்துக்கோண்ணா" என்றாள்.

கூடத்தில் யாருடைய டம்ளரும் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முனியம்மாவையும் சுப்பராயுடுவையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அந்த நிமிடத்தில்தான் அம்மா கண்ணை மூடினாள், உதடு அசைந்தது. அவள் என்ன சொன்னாள் என்று அப்போது யாருக்கும் கேட்கவில்லை.

திடீரென்று பெரியவர் வேலாயுதம் பலமாகச் சிரித்தார். "எங்கூட்டுலயும் அதே கததான். எம் பொண்டாட்டி கோவம் வந்தா என்னை ‘அண்ணா’ன்னுதான் கூப்புடுவா. நமக்குப் பயமாப் பூடும்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சுப்பராயுடுவும் தெம்பு வந்து, "அவுனு, அவுனு, கோபம்" என்று தெலுங்கில் ஆமாம் போட்டார். முனியம்மா உடனே கோபமாக முகத்தை வைத்துக்கொண்டாள். டம்ளர்கள் நகர்ந்தன. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். மாமா கலரோடு வந்து சேர்ந்தபோது வேன் கிளம்பிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். "ஏழுமலையானே, இந்தப் பொண்ணு மானத்தக் காப்பாத்து. இப்போ இந்த வூட்டுக்குள்ள கீற அத்தன தலையும் உனக்கு" என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் பேசியவர் கோவிந்தசாமி. "நடிக்கத்தான் ஒத்துக்கினேன். முடி குடுக்கறதாப் பேச்சே இல்லியே." சுப்பராயுடுவின் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த மாதம்தான் காதை மறைக்கும்படி முடி வளர்த்து, ஆளுக்கு ஒரு சீப்பைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள், அவர்கள் அழாத குறை. ஆனால் சுப்பராயுடு, "ஸ்வாமி தக்கர மன லெக்கலு செல்லவுரா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சாமியிடம் நம் கணக்கு செல்லாது என்று அவரே சொன்ன பிறகு யாருக்கும் மறுத்துப் பேசத் தைரியமில்லை. எங்கள் பக்கத்தில் மனிதர்களிடம் எந்தப் பொய்யும் சொல்வோம், ஆனால் மலைக்குச் சொன்ன "மொக்கு" என்கிற வேண்டுதலை மட்டும் பாக்கி வைக்க மாட்டோம். வட்டி போட்டு வாங்குகிற சாமி அது.

மாமா மட்டும் எழுந்து நின்றார். "வூட்டுக்குள்ள கீற தலைன்னுதானேக்கா சொன்னே? நான் கடையில இருந்தேன். கடைக்கார அண்ணாச்சிய கேட்டுப் பாரு."

"டகால்டிப் பயலே!" என்று அம்மா துடைப்பத்தைத் தேடினாள்.

ஆனால் உண்மையான சிக்கல் மாமாவின் முடியில் இல்லை. கூடத்தில் இருந்த அத்தனை தலை என்றால், சத்தியவேட்டுக்காரர்களின் தலைகளும் அதில் அடக்கம். அவர்களிடம் சொல்லாமல் மொக்கு தீராது; சொல்வதென்றால் எதற்காக வேண்டிக்கொண்டாய் என்று கேட்பார்கள்; அதற்குப் பதில் சொன்னால் கல்யாணம் நிற்கும். "வேணாம்மா. நம்ம தலையோட முடிச்சிக்கலாம்மா. நான் வேணா முழு மொட்ட போட்டுக்கறேன்" என்று அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். ஆனாலும், "சாமிகிட்டப் போயி இன்னாடி பேரம் பேசறது? பொய்யில முடிஞ்ச கல்யாணம்னாலும் பொறுத்துக்குவேன், மொக்கு பாக்கி கீற கல்யாணம் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த சத்தியவேடு பஸ்ஸில் நாங்கள் நாலு பேரும் ஏறினோம். வழிநெடுக யாரும் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை.

பாஸ்கர் வீட்டுக் கூடத்தில் அம்மா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெரியப்பன் டீக்கடைக்காரர், சித்தப்பன் எதிர்வீட்டுக்காரர், சித்தி பூக்காரி. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை நிதானமாக மென்றாள். பிறகு, "முனியம்மா நல்லாக் கீறாளா?" என்று கேட்டாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

"எனக்குக் குடுத்த டம்ளர்ல ‘டீக்கடை கோவிந்தசாமி’ன்னு பேரு வெட்டியிருந்துது. எம் புருசன் டம்ளர்ல முனியம்மா. பாஸ்கர் கையில இருந்தது தெலுங்குல சுப்பராயுடு. நெறைஞ்ச வூடுதான், அதுக்காக டம்ளருக்கு ஒரு பேரா?"

ஆளை மட்டுமல்ல, அத்தனை பேருக்கு டம்ளரும் எங்களிடம் இல்லாமல், அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லியிருந்தோம். முறை சொல்லிக்கொடுத்த எனக்கு அதைக் கவிழ்த்துப் படிக்கத் தோன்றவில்லை.

"அப்போ தெரிஞ்சேவா தாம்பூலம் மாத்தினீங்க?" என்று நைனா கேட்டார்.

"ஒரு பொண்ணுக்காகத் தெருவே டம்ளரத் தூக்கிக்கினு வந்து உக்காந்திருக்குது. இதுக்கு மேல இன்னா ஆள்கட்டு வேணும் எனுக்கு? உங்க சொந்தக்காரங்களா இருந்தா வந்திருப்பாங்களோ என்னமோ."

அக்கா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா சம்பந்தியம்மா, தல எண்ணும்போது ஒண்ணு சொல்லிடணும். எங்க பெரியவரு வந்தாரில்ல..." என்று இழுத்தாள்.

"ஆமா, வேலாயுதம் அண்ணன். தங்கமான மனுசன்" என்றார் நைனா.

"அவரு அண்ணன் இல்ல. வேன் டிரைவரு."

பெரியவர் ஒருவர் வந்து பேசினால்தான் பேச்சு என்று எங்கள் பக்கத்திலிருந்து சொல்லி அனுப்பினார்களாம். அவர்களுக்கும் பங்காளிச் சண்டை, பெரியவர் கிடைக்கவில்லையாம். அப்படிச் சொல்லி அனுப்பியது யார் என்று நைனாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் நின்ற பாஸ்கர் மெதுவாக, "கஜா மாமாதான். பெரியவரு வேணும்னும் அவருதான் சொன்னாரு, வேலாயுதத்த அனுப்பி வெச்சதும் அவருதான்" என்றார்.

இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரர்களைச் சப்ளை செய்துவிட்டு, ஒரு பொய் தடுக்கி விழுந்தால் இன்னொரு பொய் தாங்கிப் பிடிக்கட்டும் என்று ஏற்பாடு பண்ணி வைத்துவிட்டு, மனிதர் கலர் வாங்கப் போயிருக்கிறார். அக்காதான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அந்தச் சொல்லின் பொருள் விளங்கியது. மோசம் போனவன் வயிறெரிவான். டகால்டியில் மாட்டியவன், கொஞ்ச நாள் கழித்தாவது, சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

மொக்கு பாக்கி வைத்துக்கொண்டு தாலி கட்டக்கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டதால், வேலாயுதம் அண்ணனின் வேனிலேயே எல்லாரும் மலைக்குப் போனோம். மொட்டை போடும் கல்யாணகட்டாவில் வெந்நீர் தெளித்துக் கத்தி வைத்தபோது சுப்பராயுடுவின் பிள்ளைகள் போட்ட "கோவிந்தா"வில் பக்திக்குச் சமமாகத் துக்கமும் இருந்தது. பெண்களுக்கு "மூணு கத்திரி" போதும், மூன்று முறை நுனிமுடியைக் கத்தரித்துக் கொடுத்தால் கணக்கு தீரும். அம்மா மட்டும், "வேண்டிக்கினவ நானு. மூணு கத்திரியில தப்பிச்சா நானும் கஜாவும் ஒண்ணாப் பூடுவோம்" என்று முழுசாக உட்கார்ந்தாள். வெளியே வந்து தடவிக்கொண்ட சந்தனம் மலைக்காற்றில் காய்ந்து, தலைத்தோலை யாரோ உள்ளேயிருந்து இழுப்பதுபோல் இருந்தது இன்னும் நினைவிருக்கிறது. மாமா எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார்.

கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை மொட்டை, இரண்டு நைனாக்களும் மொட்டை, மணப்பெண்ணின் தாய் மொட்டை, பின்வரிசை பூராவும் மொட்டை. பந்திக்கு வந்தவர்கள் முதலில் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் மொய் எழுதினார்கள். நடுவில் ஒரே ஒரு தலையில் மட்டும் எண்ணெய் தடவி வாரிய சுருட்டை முடி. புதிதாகப் பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் விரல் அங்கேதான் போகும். "இது யாரு?" என்பார்கள். அம்மா, "டகால்டி" என்பாள். வேறு அகராதி எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

இப்போது நான் திருப்பதியில் வேலை பார்க்கிறேன். கோவிந்தசாமியின் கடை இருந்த இடத்தில் போன் ரீசார்ஜ் கடை வந்துவிட்டது. பெயர் வெட்டிய டம்ளர்கள் போய்க் காகிதக் கப் வந்துவிட்டது. இன்றைக்கு அதே வேலையைச் செய்தால் யாரும் கண்டுபிடிக்கவே முடியாது. போன மாதம் அக்கா மகளுக்குக் காது குத்த எல்லாரும் சத்தியவேட்டில் கூடினோம். மாமா தொப்பியோடு வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா மகள் விளையாட்டாக அதைப் பிடுங்கிவிட, காதோரத்தில் கொஞ்சம் நரையைத் தவிர உச்சியில் ஒன்றுமே இல்லை. அம்மா சோற்றுக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, "எங்கடா போச்சு?" என்றாள்.

"இன்னாக்கா பண்றது? நீங்கல்லாம் ரொக்கமாக் கட்டிட்டீங்க. நான் தவணையில கட்டிக்கினு இருந்தேன்."

ஆகவே, அக்காவின் கல்யாணத்துக்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு: பத்து மொட்டை, மூன்று பேருக்கு மூணு கத்திரி, வட்டியோடு சேர்த்து ஒரு வழுக்கை.